டயல்-அப் இணைப்பு அடிக்கடி அறுந்து போகிறதா?

பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்கும் நேரத்தில் இணைப்பு அறுந்தால் புதிய மோடம் வாங்க ஓட வேண்டாம். 56கே மோடம் தகவலை ஒலியாக மாற்றியே தொலைபேசி வயரில் அனுப்புகிறது. அந்த ஒலியைக் குழப்பும் எதுவும் இணைப்பைத் துண்டிக்கக்கூடும்.

முதலில் வீட்டிலுள்ள மற்றைய தொலைபேசிகளைக் கழற்றிவிட்டு, மோடத்தைச் சுவரிலுள்ள சொக்கட்டில் நேரடியாகச் செருகுங்கள். 'கோல் வெயிட்டிங்' வசதி இருந்தால் நிறுத்துங்கள். இடையில் வரும் அழைப்பின் 'பீப்' ஒலியே இணைப்பை அறுத்துவிடும். சிறிது நேரம் பயன்படுத்தாவிட்டால் தானாகத் துண்டிக்கும் அமைப்பு விண்டோஸில் உண்டு, அதையும் பாருங்கள்.

பிறகும் அறுந்தால், ரிசீவரை எடுத்து ஓர் இலக்கத்தை மட்டும் அழுத்திவிட்டுக் காது கொடுங்கள். அமைதிக்குப் பதிலாக இரைச்சல் கேட்டால் கோளாறு பெரும்பாலும் வயரில்தான். முறையிடும்போது "இன்டர்நெட் வேலை செய்யவில்லை" என்னாமல், "லைனில் இரைச்சல் கேட்கிறது" என்றே சொல்லுங்கள். மோடத்தைக் காரணம் காட்டி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.