இரண்டு கம்பிகள் தொட்டால் போதும்

போன நோன்புப் பெருநாள் விடுமுறையில் சாச்சாவின் பிள்ளைகள் எங்கள் வீட்டுக் கணினியில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சக்கர நாற்காலியிலிருந்த என் தம்பியின் மடியிலும் ஒரு கொன்ட்ரோலரை வைத்திருந்தார்கள். அதன் வயர் எதிலும் செருகப்பட்டிருக்கவில்லை. அவனைச் சந்தோசப்படுத்தத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்காதா? வயரின் நுனியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

தம்பிக்குப் பிறவியிலிருந்தே மூளைவாதம். எனக்கு இன்னும் பிடிபடாத கிரிக்கெட் விதிகள்கூட அவனுக்கு அத்துப்படி. கைகள்தான் அவன் சொல்வதைக் கேட்பதில்லை. சாதாரண கொன்ட்ரோலரோ, இரண்டு கைகளும் பெருவிரல்களும் தனித்தனியே வேகமாக அசையும் என்ற எடுகோளில் செய்யப்பட்டது.

இந்தக் குறையைப் பெரிய நிறுவனங்களும் கவனித்திருக்கின்றன. 2018 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு கொன்ட்ரோலரை வெளியிட்டது. அதன் மேல் இரண்டு பெரிய பொத்தான்கள். பின்புறம் வரிசையாக 19 துளைகள். காலால் அழுத்தும் ஆளி, கன்னத்தால் தொடும் ஆளி என்று அவரவருக்கு ஏற்றதை அத்துளைகளில் செருகிக்கொள்ளலாம். 2023 இல் சொனியும் இத்தகைய ஒன்றை விற்பனைக்கு விட்டது. மைக்ரோசொப்டின் விலை ஏறத்தாழ 100 டொலர். எங்கள் காசில் முப்பதாயிரம் ரூபா அளவில் வரும். செருகும் ஆளிகளுக்கு வேறு செலவு. உம்மாவிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த 19 துளைகளைப் பற்றி வாசித்தபோதுதான் ஒரு விடயம் உறைத்தது. அவை பழைய ஹெட்போன் செருகும் அதே 3.5 மில்லிமீற்றர் துளைகள். ஆளி என்பது நாங்கள் தரம் ஆறிலிருந்து வரைந்துவரும் அதே ஆளிதான்: இரண்டு கம்பிகள் தொட்டால் சுற்று பூர்த்தியாகும், விலகினால் அறுபடும். அப்படியானால் அந்தத் துளையை நாங்களே ஒரு பழைய மவுசில் வைக்கலாமே!

மவுசைக் கழற்றினால் இடது பொத்தானுக்குக் கீழே ஒரு சிறு கறுப்புப் பெட்டி இருக்கும். அதுவே ஆளி. அதற்கு மூன்று கால்கள். மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்து, அழுத்தும்போது மட்டும் இணைகின்ற இரண்டு கால்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்விரண்டிலும் ஒவ்வொரு வயரை ஈயம் வைத்து ஒட்டி, ஹெட்போன் துளையின் இரு முனைகளுக்கும் கொடுத்தால் முடிந்தது. சமாந்தர இணைப்பு என்பதால் மவுசின் சொந்தப் பொத்தானும் வழமைபோல வேலை செய்யும். யூஎஸ்பி தருவது 5 வோல்ற்று மட்டுமே, ஷொக் அடிக்காது. (இதை வாப்பாவுக்கு நம்பவைக்க இரண்டு நாள் சென்றது.) பழைய மவுஸ் வீட்டிலேயே கிடந்தது. மற்றவை எல்லாம் முந்நூறு ரூபாவுக்குள் அடங்கின.

செருகும் ஆளியில்தான் பிழைவிட்டேன். அழைப்பு மணிப் பொத்தான் ஒன்றை வாங்கி, அவனுடைய வலது கையருகே பலகையில் பொருத்தினேன். முதலில் அழுத்தினான். ஆனால் பந்து வரும் நேரத்தில் ஆர்வத்தில் கை முழுவதும் விறைத்துவிடும். அழுத்திய கையை எடுக்க முடியாது. மூளைவாதத்தில் உணர்ச்சி கூடும்போது தசை இறுகுவது சாதாரணம் என்று பிறகுதான் அறிந்தேன். கைதான் விளையாடும் உறுப்பு என்று நான் முடிவு செய்தேனே தவிர, அவனைக் கவனிக்கவில்லை.

ஒரு கிழமை பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா கூப்பிட்டால் தலையை இடப்பக்கம் திருப்புவான். ஒவ்வொரு முறையும், கோபத்திலும் சிரிப்பிலும், அது மட்டும் தவறுவதில்லை. இரண்டு மட்டைத் துண்டுகளில் அலுமினியத் தாள் ஒட்டி, நடுவில் துளையிட்ட ஸ்பொஞ்சை வைத்து, நாற்காலியில் அவனது இடது கன்னத்தருகே கட்டினேன். மெல்லத் தொட்டாலே தாள்கள் சேர்ந்துவிடும். அலுமினியத் தாள் அடிக்கடி கிழிகிறது, மாற்ற வேண்டியிருக்கிறது. அது பெரிய வேலையில்லை.

2017 சம்பியன்ஸ் கிண்ணத்துக்காகக் கூகுள் வெளியிட்ட சிறிய கிரிக்கெட் விளையாட்டைப் போட்டுக்கொடுத்தேன். சிள்வண்டுகள் துடுப்பெடுத்தாடும், நத்தைகள் களத்தடுப்பில் நிற்கும். ஒரே ஒரு சொடுக்கில் மட்டை சுழலும். கணினியில் இரண்டு மவுஸ்களை ஒரே நேரத்தில் செருகலாம். மற்றதால் அம்புக்குறியை நான் உரிய இடத்தில் வைத்துக் கொடுத்தேன். முதல் பந்திலேயே ஆட்டமிழந்தான். நான் ஆறுதல் சொல்ல வாயெடுக்க, "இன்னொருக்கா" என்றான். அன்று மஃரிபுக்கு பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை.

இப்போது சாச்சாவின் மகனோடு போட்டிபோட வேண்டுமாம். அந்த விளையாட்டுக்கு இரண்டு பொத்தான்கள் வேண்டும். மவுசின் வலது பொத்தானுக்குக் கீழேயும் அதே மூன்று கால்கள்தான், அதில் சிரமமில்லை. அவனுடைய இடது முழங்காலைத்தான் நாலைந்து நாளாகக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.