ஜரிகை சுத்தமா பாஸ்?

காஞ்சிபுரத்துல பட்டு எடுக்கப் போனா அம்மா முதல்ல கேட்கிறது என்ன? 'ஜரிகை சுத்தமா, ஹாஃப்-ஃபைனா?' லினக்ஸ் உலகத்தைப் பல வருஷம் பாடாய்ப்படுத்தியதும் இதே மாதிரி கேள்விதான்.

பழைய லேப்டாப்பில் டெபியன் போட்டவர்களுக்குத் தெரியும். (அரசு இலவச லேப்டாப்பில் வந்த 'பாஸ்' லினக்ஸும் டெபியன் வாரிசுதான்!) எல்லாம் ஓகே, வைஃபை மட்டும் அவுட். காரணம், வைஃபை சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற குட்டி புரோகிராம். கம்பெனி அதன் சோர்ஸ் கோடைத் தராது. 'கட்டற்ற மென்பொருள்னா முழுசா கட்டற்றதா இருக்கணும்' என்று டெபியன் அதைத் தன் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்காமலே இருந்தது.

கொள்கை சூப்பர்தான். ஆனா ஒண்ணு யோசிங்க. 2018 ஜனவரியில் 'ஸ்பெக்டர்' ஓட்டை அம்பலமானப்போ, இன்டெல் பிராசஸர்களுக்கான மருந்தில் ஒரு பகுதி மைக்ரோகோட் அப்டேட்டாக வந்தது. அதுவும் ரகசியச் சரக்கு. அதை மறுத்தா உங்க பிராசஸருக்கு சுதந்திரம் கிடைச்சிடுமா? ஏற்கெனவே உள்ளே இருக்கிறதும் அதே ரகசியச் சரக்குதானே! ஓட்டைதான் மிச்சம்.

2022-ல் டெபியன் டெவலப்பர்கள் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல், ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருகிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு இதில் உடன்பாடில்லை. என் ஓட்டு டெபியனுக்கே. ஏன்னா, 'இது கட்டற்றது அல்ல' என்று தனிப் பிரிவாக லேபிள் ஒட்டித்தான் தர்றாங்க. வேண்டாம்னா இன்ஸ்டால் பண்ணும்போதே தடுத்துடலாம்.

ஹாஃப்-ஃபைனை ஹாஃப்-ஃபைன்னு சொல்லியே விற்கிற கடைக்காரர்கிட்ட உங்க அம்மா சண்டை போடுவாங்களா என்ன? விலையில பேரம் பேசுவாங்க, அது வேற!