வெப்பமானி காட்டாத காய்ச்சல்

புதுதில்லி: கரோனா பொதுமுடக்கத்தின்போது, தொழிற்கூடங்களும் அலுவலகங்களும் பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளை மத்திய உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரல் 15-ஆம் தேதி வெளியிட்டது. நுழைவாயிலில் உடல் வெப்பப் பரிசோதனை, இருக்கைகளுக்கு இடையே 6 அடி தொலைவு, ஷிப்டுகளுக்கு நடுவே ஒரு மணி நேர இடைவெளி என அவை நீண்டன. தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயமாக்கப்பட்டது.

ஆனால், விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடுமே என்று அஞ்சும் தொழிலாளி, மாத்திரையால் காய்ச்சலைத் தணித்துக்கொண்டு வேலைக்கு வந்தால் வாயிலில் உள்ள வெப்பமானி என்ன செய்யும்?

இந்த அச்சத்துக்கான மருந்து சட்டத்தில் முன்பே இருந்தது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் (இஎஸ்ஐ) திட்டத்தில் உரிய காலம் சந்தா செலுத்தியவர், நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் பெறலாம். கரோனாவால் இறந்த காப்பீட்டாளரின் குடும்பத்துக்கு, அவரது சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் வழங்கும் திட்டமும் 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால், நோய் உறுதியாவதற்குக் குறைந்தது 3 மாதங்களுக்கு முன்பே அவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஒப்பந்தத் தொழிலாளர் எவரேனும் பதிவு செய்யப்படாமல் விடுபட்டிருந்தால், அவருக்கு இவ்விரு கதவுகளும் அடைபட்டவையே. எனவே, அடுத்த கொள்ளைநோய்க்கு ஆயத்தமாகும் நிறுவனம் கிருமிநாசினி வாங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டியது, தனது தொழிலாளர் பதிவேட்டைத்தான்.