முன்னால் 29, பின்னால் 27.5: இந்த மலைச் சைக்கிளை நம்பலாமா?

சேலத்தில் ஒரு சைக்கிள் கடை. இதுவரை நீங்கள் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் மலைச் சைக்கிள் வாசலில் நிற்கிறது. முன் சக்கரம் 29 இன்ச், பின் சக்கரம் 27.5 இன்ச். "இதுக்குப் பேரு மல்லெட் செட்டப் சார், உலக சாம்பியனே இதைத்தான் ஓட்டுறார்" என்கிறார் கடைக்காரர். மிச்சம் மீதி இருந்த சக்கரங்களை மாட்டி நம் தலையில் கட்டுகிறார்களோ என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

சந்தேகப்படுவது சரிதான். ஆனால் அதற்குள் இரண்டு சந்தேகங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று சக்கரத்தைப் பற்றியது, இன்னொன்று கம்பெனியைப் பற்றியது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் முடிவெடுப்பது சுலபம்.

முதலில், 29 என்றால் எதன் அளவு? டயரையும் சேர்த்துச் சக்கரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 29 இன்ச் என்று பொருள். இது பேச்சு வழக்கு அளவுதான். உண்மையான அளவு டயரின் பக்கவாட்டில் இருக்கிறது. 57-622 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். 57 என்பது டயரின் அகலம். 622 என்பது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 29 இன்ச்சுக்கு 622, 27.5-க்கு 584, மலைச் சைக்கிளின் பழைய 26-க்கு 559.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாத்தா காலத்துக் கறுப்புச் சைக்கிளின் 28 இன்ச் ரிம் 635 மில்லிமீட்டர். அதாவது 29 இன்ச் ரிம்மைவிட அது பெரியது! தடித்த டயர் மாட்டுவதால்தான் 29 மொத்தத்தில் பெரிதாகிறது. அதனால் கடையில் இன்ச் கணக்கை நம்பாமல் டயரில் உள்ள எண்ணைப் படித்து வாங்குங்கள்.

அப்படியானால் இரண்டு சக்கரங்களுக்கும் வித்தியாசம் எவ்வளவு? 622-இல் 584 போக 38 மில்லிமீட்டர். தரையிலிருந்து அச்சு இருக்கும் உயரத்தில் அதில் பாதி, 19 மில்லிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதற்குப் புதுமையும் ஒரு காரணம்.

ஏன் இரண்டையும் ஒரே அளவில் வைக்கக்கூடாது? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் வேலை வேறு. கல்லையும் குழியையும் முதலில் சந்திப்பது முன் சக்கரம். கட்டைவண்டிச் சக்கரம் அலட்சியமாகக் கடக்கும் வரப்பில் நடைவண்டியின் சக்கரம் முட்டி நின்றுவிடும் அல்லவா, அதே கணக்குதான். பெரிய சக்கரம் தடையின் மேல் சுலபமாக ஏறும்.

பின் சக்கரத்தின் கதை வேறு. செங்குத்தான சரிவில் இறங்கும்போது ஓட்டுபவர் உடலைப் பின்னால் தள்ளி, சீட்டுக்கும் பின்னே போய்க் குந்துவார். பெரிய சக்கரமாக இருந்தால் டயர் பின்புறத்தில் உரசும். சிறிய சக்கரம் அந்த இடத்தைக் கொடுக்கிறது. பின் சக்கரத்தைப் பெடலுக்கு இன்னும் பக்கத்தில் வைக்கவும் முடியும். அதனால் குறுகிய திருப்பத்தில் வண்டி சட்டென்று மடங்கும்.

இது புதுச் சரக்கா? இல்லை. மோட்டார் சைக்கிளில் இது சாதாரணம். சென்னைக் கம்பெனியான ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வண்டியைப் பாருங்கள்: முன் சக்கரம் 21 இன்ச், பின் சக்கரம் 17. சைக்கிளிலும் 1980-களிலேயே அமெரிக்காவின் கேனன்டேல் கம்பெனி முன்னால் 26, பின்னால் 24 வைத்து மலைச் சைக்கிள் விற்றது. அப்போது அது நிலைக்கவில்லை.

சாம்பியன் ஓட்டினார் என்பது உண்மையா? உண்மைதான். மலைச் சைக்கிள் போட்டியில் இரண்டு சக்கரங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று உலக சைக்கிள் கூட்டமைப்பு முன்பு விதி வைத்திருந்தது. 2019-இல் அதைத் தளர்த்தினார்கள். அதே ஆண்டு பிரான்சின் லோயிக் புருனி, முன்னால் 29, பின்னால் 27.5 வைத்த வண்டியில் டவுன்ஹில் (மலை உச்சியிலிருந்து இறங்கும் பந்தயம்) உலகப் பட்டத்தை வென்றார். கம்பெனிகள் இந்த அமைப்பைப் பெருமளவில் விற்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அவருக்கு நல்லது எனக்கும் நல்லதுதானே? இங்கேதான் நிதானம் வேண்டும். டவுன்ஹில் பந்தயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஏற்றம் மிதிக்கும் வேலையே ஏறக்குறைய இல்லை. பாறையும் வேரும் நிறைந்த செங்குத்துச் சரிவில் தலைதெறிக்க இறங்குவதுதான் மொத்தப் போட்டியும். ஏறி இறங்கி நெடுந்தூரம் மிதிக்கும் கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்காரர்கள் இன்றும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் 29-தான் வைத்துக்கொள்கிறார்கள். கடைக்காரர் இந்தப் பாதியைச் சொல்ல மாட்டார்.

சைக்கிள் தொழிலுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. 26-தான் அளவு என்றார்கள், பிறகு 29 என்றார்கள், 2012-ஐ ஒட்டி 27.5 என்றார்கள், இப்போது கலவை. 32 இன்ச் சோதனைகளும் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு முறையும் பழையது திடீரென்று மோசமாகிவிடும். இந்தச் சத்தத்தில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பதே உத்தமம்.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து சென்டிமீட்டர் உயரக் கல்லை 29 இன்ச் சக்கரம் சுமார் 43 டிகிரி கோணத்தில் முட்டுகிறது. 27.5 முட்டுவது சுமார் 44 டிகிரியில். ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம். பந்தயத்தில் அது விநாடிகளைத் தரலாம். காலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வருபவருக்கு டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதே இதைவிடப் பெரிய விஷயம்.

சரி, நம் ஊரில் ஓட்டினால்? சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், தார்ச்சாலை. அதில் கலவைச் சக்கரத்தால் ஒரு பலனும் இல்லை. கெடுதலும் இல்லை, கியரில் வரும் சின்ன மாற்றம் தவிர. பின் சக்கரம் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைவாகப் போகும். அதாவது ஐந்து சதவீதம் இளகிய கியர். முன் பல்சக்கரத்தில் 34 பல்லுக்குப் பதில் 32 பல் வைத்தது போல.

ஏற்காடு ஏற்றத்தில் இது லேசான உதவிதான். ஆனால் அந்த உதவி வேண்டுமென்றால் பல்சக்கரத்தை மாற்றினாலே போதும், அதற்காகச் சைக்கிளையே மாற்ற வேண்டியதில்லை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும், காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 வளைவுகளும் தார்ச்சாலைதான். அங்கே இறங்கும்போது உங்களைக் காப்பது பிரேக். நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு நல்ல ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தட்டு பிரேக்) கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்படியானால் யாருக்குத்தான் இது பயன்படும்? இரண்டு பேருக்கு. மலையடிவாரத்துக் கல் பாதைகளில், சேறும் சரளையுமான சரிவுகளில் நிஜமாகவே இறங்கி விளையாடுபவருக்கு. (காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.) இன்னொருவர் உயரம் குறைந்தவர். ஐந்தடி இரண்டு, மூன்று அங்குலம் இருப்பவருக்குப் பின்னாலும் 29 என்றால் இறக்கத்தில் டயர் தொந்தரவு செய்யும். அவர்களுக்கு இது பந்தாவுக்கான பொருள் இல்லை, உண்மையான வசதி.

டியூப், டயர் கிடைக்குமா? உங்கள் அன்றாடத்தைத் தொடும் கேள்வி இதுதான். ஊர்ப்புறப் பஞ்சர் கடையில் 26-உம் 28-உம் தயாராக இருக்கும். 27.5, 29 வேண்டுமென்றால் பெரும்பாலும் டவுனுக்குத்தான் போக வேண்டும். நம் பக்கத்துச் சீமைக்கருவேல முள்ளுக்குச் சக்கரத்தின் அளவெல்லாம் தெரியாது, எல்லா டயரிலும் ஏறும். பையில் இரண்டு அளவு டியூப் வைத்துக்கொள்வதா? தேவையில்லை. 27.5 டியூப் ஒன்று போதும். அவசரத்துக்கு அது 29 டயருக்குள்ளும் விரிந்துகொள்ளும். 29 டியூபை 27.5-க்குள் திணித்தால் மடிந்து, மடிப்பில் கிழியும். டியூப் இல்லாத டயராக மாற்றி, உள்ளே ஓட்டையடைக்கும் திரவம் ஊற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

இன்னொரு நஷ்டத்தை நாமக்கல்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். லாரியில் டயரை இடம் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டுவது இங்கே கைவந்த கலை. சைக்கிளில் பின் டயர்தான் சீக்கிரம் தேயும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால், முன் டயரைப் பின்னால் போட்டுவிட்டுப் புது டயரை முன்னால் மாட்டலாம். கலவைச் சக்கரத்தில் அது நடக்காது. தேய்ந்த பின் டயருக்கு ஒவ்வொரு முறையும் புதிதுதான்.

வீட்டில் இருக்கும் 29 இன்ச் சைக்கிளில் நானே சின்னப் பின் சக்கரம் மாட்டலாமா? மாட்டினால் ஓடும். ஆனால் வண்டியின் பின்பக்கம் தாழும். ஹேண்டில் பக்கம் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னால் சாயும். பெடல் அச்சு சுமார் 12 மில்லிமீட்டர் இறங்கும், அதனால் கல் பாதையில் பெடல் தட்டும். சீட்டும் பின்சாய்ந்து, ஏற்றம் மிதிக்கச் சிரமமாகும். இந்த அமைப்புக்கென்றே வடிவமைத்த ஃபிரேமில்தான் இது சரியாக உட்காரும்.

கடையில் நிற்கும் வண்டி அப்படி வடிவமைத்ததா, ஒட்டுப்போட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனியின் அளவுப் பட்டியலைக் கேளுங்கள். ஃபிரேமின் கோணங்கள், பெடல் அச்சின் உயரம் எல்லாம் கலவைச் சக்கரத்துக்கென்றே அதில் போட்டிருக்க வேண்டும். ஒரே பட்டியலை இரண்டு பக்கமும் 29 உள்ள மாடலுக்கும் காட்டினால் விலகிவிடுங்கள். ஃபிரேமில் திருப்பிப் போடும் சிறு துண்டு வைத்து இரண்டு அளவுக்கும் ஏற்ப உயரத்தைச் சரிசெய்யும் வண்டிகளும் உண்டு. அவற்றுக்கு இரண்டு வரிசை எண்கள் இருக்கும். அது சரியானதுதான்.

இனிக் கம்பெனி. புதிய பெயர் என்பதே குற்றமா? இல்லை. 2005-இல் தொடங்கிய ஃபயர்ஃபாக்ஸ் அன்று புதிய பெயர்தான். பத்தே ஆண்டில் ஹீரோ சைக்கிள்ஸ் அதை வாங்கிக்கொண்டது. பழைய பெயர் என்பது காப்பும் இல்லை. வீட்டுக்கு வீடு தெரிந்த அட்லஸ், தன் சாகிபாபாத் தொழிற்சாலையை 2020 ஜூன் 3-ஆம் தேதி நிறுத்தியது. உலக சைக்கிள் தினத்தன்று!

எனவே பெயரின் வயதைக் கேட்பதைவிட உதிரிபாகங்களைப் பற்றிக் கேளுங்கள். செயின், பிரேக் கட்டை, கியர் ஆகியவற்றை வேறு கம்பெனிகள் செய்கின்றன, எங்கும் கிடைக்கும். சிக்கல் அந்த ஃபிரேமுக்கு மட்டுமே பொருந்தும் பாகங்களில். முக்கியமானது கியர் ஹேங்கர் (பின் கியரை ஃபிரேமோடு பிணைக்கும் சின்ன அலுமினியத் துண்டு). வண்டி விழுந்தால் முதலில் வளைவது அதுதான், வளைவதற்காகவே செய்தது. பெரும்பாலும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம். அது கிடைக்காவிட்டால் மொத்தச் சைக்கிளும் மூலையில் நிற்கும். பின்பக்க ஷாக் உள்ள வண்டியானால், மூட்டுகளில் இருக்கும் பேரிங்கும் இதே வகைதான்.

உத்தரவாதத்தை வாய்ச்சொல்லாக விடாதீர்கள். ஃபிரேமுக்கு எத்தனை ஆண்டு, யார் பொறுப்பு, பழுதானால் அனுப்பும் செலவு யாருடையது என்று பில்லிலோ அட்டையிலோ எழுதி வாங்குங்கள். இணையத்தில் வாங்கினாலும் கவலை வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பாருங்கள்.

முடிவாக என்ன செய்வது? தார்ச்சாலையும் மண்பாதையுமே உங்கள் ஓட்டம் என்றால், அதே விலையில் இரண்டு பக்கமும் 29 உள்ள வண்டியை வாங்குங்கள். கல் சரிவில் இறங்குபவர், உயரம் குறைந்தவர் என்றால் கலவைச் சக்கரத்துக்குத் தயங்க வேண்டாம். இரண்டில் எதை எடுத்தாலும், பணம் கட்டுமுன் அந்த ஃபிரேமுக்கு உரிய கியர் ஹேங்கர் ஒன்றைக் கூடவே விலைக்குக் கேளுங்கள். கடைக்காரர் எடுத்துத் தந்தால் வாங்குங்கள், "வரும் சார், சொல்லி வைக்கிறேன்" என்றால் அது வந்த பிறகு போங்கள்.