அவசரமும் அவசியமும்

தொழில் நிறுவனத்தின் தலைவர் ஒருவர் காலையில் அலுவலகத்தினுள் நுழைகிறார். தொலைபேசி ஒலிக்கிறது. சரக்கு வந்து சேரவில்லை என்று வாடிக்கையாளர் சினந்து கொள்கிறார். காசோலையில் கையொப்பம் பெறக் கணக்கர் காத்து நிற்கிறார். பொழுது சாய்ந்து வீடு திரும்புகையில், "இன்று உருப்படியாக என்ன செய்தோம்?" என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைப்பதில்லை.

அவசரம் வேறு, அவசியம் வேறு. அவசரமான வேலை தானே வந்து கதவைத் தட்டும். அவசியமான வேலையோ நாம் தேடிச் செல்லும்வரை ஓசையின்றிக் காத்திருக்கும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர், முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் கூறியதாக இந்த வேறுபாட்டை 1954-இல் ஓர் உரையில் எடுத்துரைத்தார். தொழில் உலகில் இதைச் செயலில் காட்டியவர்களுள் ஒருவர் பால் ஓ'நீல்.

எதிர்பாராத பேச்சு

'அல்கோவா' அமெரிக்காவின் பழம்பெரும் அலுமினிய நிறுவனம். 1987-இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஓ'நீல், முதலீட்டாளர்களை முதன்முறையாகச் சந்தித்தார். இலாபத்தைப் பற்றியும் செலவுக் குறைப்பைப் பற்றியும் பேசுவார் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். அவரோ தொழிலாளர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். இவரிடம் நிறுவனம் தேறாது என்று கருதிப் பங்குகளை விற்றுவிடும்படி அறிவுறுத்தியவர்களும் உண்டு.

அவர் வகுத்த விதி எளியது. எந்த ஆலையில் எவருக்குக் காயம் ஏற்பட்டாலும், அப்பிரிவின் தலைவர் 24 மணி நேரத்திற்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அது மீண்டும் நிகழாதிருக்க வழியும் கூற வேண்டும். இதற்காகக் கடைநிலைத் தொழிலாளியின் சொல் மேலிடம்வரை விரைந்து செல்லப் பாதை திறந்தது. அதே பாதையில் உற்பத்தியைச் சீர்செய்யும் யோசனைகளும் வந்து சேர்ந்தன. விபத்துக்குக் காரணம் தேடியபோது வேலை முறையிலிருந்த குறைகளும் வெளிப்பட்டன. அவற்றைக் களைந்தபோது பொருளின் தரமும் உயர்ந்தது.

அவர் பொறுப்பேற்ற சில மாதங்களில், அரிசோனா ஆலையில் பழுதான இயந்திரத்தைச் சரிசெய்ய முயன்ற இளம் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஓ'நீல் அதிகாரிகளை அழைத்து, இச்சாவுக்குத் தாமும் அவர்களுமே பொறுப்பு என்றார். 1996-இல், மெக்சிகோ ஆலையில் தொழிலாளர்கள் நச்சுப் புகையால் பாதிக்கப்பட்ட செய்தி தலைமையகத்திற்குத் தெரிவிக்கப்படாதது தெரியவந்தது. பெரும் இலாபம் ஈட்டித் தந்தவர் என்றும் பாராமல் அதற்குப் பொறுப்பான உயர் அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கினார்.

1987-இல் நூறு தொழிலாளர்களுக்கு 1.86 ஆக இருந்த வேலைநாள் இழப்புக் காய வீதம் 2000-இல் 0.2 ஆகக் குறைந்தது. நிறுவனத்தின் ஆண்டு நிகர இலாபமும் பன்மடங்காகியிருந்தது.

நமக்கென்ன?

இது பெரிய ஆலைகளுக்குரிய பேச்சு என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நம்மில் தோல் தொழில் செய்வோர் உண்டு. உணவகமும் மரக்கடையும் நடத்துவோர் உண்டு. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து பத்துப் பேர் மாண்டனர். தொட்டியின் சுவர் தொலைபேசியில் அழைத்து முறையிடுவதில்லை. கடையின் பழைய மின்கம்பியும், ஆடும் ஏணியும் அப்படியே. அவை பேசும் நாளில் நாம் கேட்டுப் பயனில்லை.

ஆகவே, கல்லாவில் அமருமுன் நாள்தோறும் அரைமணி நேரத்தை அவசியத்திற்கென ஒதுக்குங்கள். கடையையும் பட்டறையையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். வேலையாளிடம், "இங்கே உனக்கு ஆபத்தானது எது?" என்று கேளுங்கள். அவர் கூறுவதை அன்றே எழுதி வைத்து, அந்த வாரத்திற்குள் சரிசெய்யுங்கள். அந்த அரைமணி நேரத்தில் வரும் அழைப்பு சற்றுக் காத்திருந்தால் வியாபாரம் முழுகிவிடாது. காலையில் நம்மை நம்பி வேலைக்கு வந்தவர் மாலையில் நலமாக வீடு திரும்புவதே முதலாளியின் முதல் வேலை.