தண்ணீரை எடைபோடும் நடுக்கம்!

உங்கள் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்குள் ஒரு கல்துண்டு நொடிக்கு 32,768 முறை நடுங்கிக்கொண்டிருக்கிறது, தெரியுமா? அதென்ன அப்படியொரு எண்? பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே போங்கள், மிச்சம் ஒன்று. நொடிக்கு ஒரு துடிப்பு, முள் நகர்ந்துவிட்டது!

இரண்டு பல் கொண்ட கவை போன்ற அந்தத் துண்டைக் காற்று நீக்கிய ஒரு குட்டி உலோக உருளைக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். உருளையின் தலையை வெட்டித் திறந்தால்? காற்று பட்டதுமே அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் இறங்கிவிடும். காற்றுக்கே இந்தப் பாடு என்றால் எண்ணெயில் முக்கினால் கேட்கவா வேண்டும்! எவ்வளவு இறங்கியது, அதிர்வு எவ்வளவு தளர்ந்தது என்று பார்த்தே திரவத்தின் அடர்த்தியையும் பாகுநிலையையும் கணித்துவிடலாம்.

இதே மலிவுக் கவையைத் தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிய கடுங்குளிரில், திரவ ஹீலியத்துக்குள் இறக்கியிருக்கிறார்கள், தெரியுமா? வெப்பமானி, அழுத்தமானி, பாகுமானி என மூன்று வேலையையும் அது ஒன்றே பார்க்கிறது! கோடிக்கணக்கில் செலவாகும் குளிர்விப்பான், அதன் நடுவே சில ரூபாய்க் கடிகார உதிரி. இந்த முரண் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இந்தக் கல்லுக்கு ஏது இந்த நடுங்கும் குணம்? குவார்ட்ஸை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்று 1880-இல் கண்டுபிடித்தவர்கள் ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள். ஆமாம், மேரி கியூரியின் கணவர்தான் அந்தப் பியேர்! மின்சாரம் கொடுத்தால் கல் நெளியும் என்ற மறுபக்கத்தை அடுத்த ஆண்டே லிப்மன் என்ற இயற்பியலாளர் கணித்தார்.

1959-இல் பெர்லினில் சாவர்பிரை என்பவர் மெல்லிய குவார்ட்ஸ் வில்லையைத் தராசாகவே மாற்றிவிட்டார். நொடிக்கு 50 லட்சம் முறை அதிரும் வில்லையின் ஒரு சதுர சென்டிமீட்டரில் 17.7 நானோகிராம் படிந்தால் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் குறையும். ஒரே ஒரு மூலக்கூறு தடிமனில் தண்ணீர் படிந்தால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்! 50 லட்சத்தில் ஒன்று குறைந்தால் எப்படித் தெரியும் என்கிறீர்களா? மின்னணுக் கருவிக்கு எண்ணுவதைப் போல எளிய வேலை வேறில்லை. சூட்சுமமே அதுதான்.

ஆனால் திரவத்தில் மூழ்கினால் வில்லை அடங்கிப்போய்விடும் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். அடங்கவில்லை! காரணம், அது அசையும் விதம். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேய்ப்பதுபோல அதன் இரு முகங்களும் எதிரெதிராகப் பக்கவாட்டில் மட்டும் நகர்கின்றன. திரவத்தை இடித்துத் தள்ளுவதில்லை. தன்னை ஒட்டிய மெல்லிய ஏட்டை மட்டும் இழுத்து அசைக்கிறது. தண்ணீரில் அந்த ஏடு எவ்வளவு தடிமன் தெரியுமா? 250 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு! அண்டா நிறையத் தண்ணீர் இருந்தாலும் வில்லைக்குப் பெரும்பாலும் தெரிவது அவ்வளவுதான். அதனால் ஒரு சொட்டே போதும்.

1985-இல் கனசாவா, கார்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்குச் சூத்திரம் எழுதினார்கள். ஒரு முகம் தண்ணீரில் பட்டால், நொடிக்கு 50 லட்சம் முறை அதிரும் அதே 5 மெகாஹெர்ட்ஸ் வில்லையில் சுமார் 715 ஹெர்ட்ஸ் இறங்கும். அடர்த்தியையும் பாகுநிலையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அதற்கேற்ப இறக்கம். அந்தப் பெருக்குத்தொகை நான்கு மடங்கானால் இறக்கம் இரு மடங்கு.

இங்கேதான் ஒரு சிக்கல். வழவழப்பான வில்லை பெருக்குத்தொகையை மட்டுமே சொல்லும், அடர்த்தி எது, பாகுநிலை எது என்று பிரித்துச் சொல்லாது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தார் 1990-களில் கண்ட வழி எவ்வளவு எளிது பாருங்கள்! பக்கத்தில் இன்னொரு வில்லை, அதன் முகத்தில் நுண்ணிய பள்ளங்கள். பள்ளத்தில் சிக்கிய திரவம் வில்லையோடு கெட்டிப்பொருள்போலவே ஆடுவதால் அதன் எடை, அதாவது அடர்த்தி, தனியே பிடிபட்டுவிடுகிறது!

சுவீடனின் கோதன்பர்க்கில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் போன வழி வேறு. ஓட்டும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்திவிட்டு, அதிர்வு எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்று கவனிக்கிறார்கள். வில்லைமேல் ஒட்டியிருப்பது கெட்டியான படலமா, கொழகொழப்பா என்பது அதில் தெரிந்துவிடும். ரத்தம் உறைவதைக்கூட இப்படிப் பின்தொடர முடிகிறது!

ஒன்றே ஒன்று. தண்ணீரின் சூடு 20 டிகிரியிலிருந்து 40-க்கு ஏறினாலே பாகுநிலை மூன்றில் ஒரு பங்கு குறைந்து, அளவீடு நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் மாறிவிடும். ஆகவே யாராவது இந்த வில்லை காட்டிய எண்ணைப் பெருமையாக நீட்டினால், எத்தனை டிகிரியில் அளந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.