பதினைந்து வருடம் ஆடியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

2013-ம் ஆண்டுக் கோடையில் பாஸ்டனும் லாஸ் ஏஞ்சலஸும் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. கூடைப்பந்தில் இந்த இரண்டு ஊர்களுக்கும் ஜென்மப் பகை. அதுவரை அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் வெல்லப்பட்ட கோப்பைகளில் ஏறக்குறைய பாதி, பாஸ்டன் செல்டிக்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் என்ற இந்த இரண்டு அணிகளிடம்தான் இருந்தன. ஒன்று செய்வதை மற்றொன்று செய்யாது. அந்த வருடமும் அப்படியே ஆயிற்று. வயதாகிவிட்ட தன் நாயகனை பாஸ்டன் அனுப்பிவைத்தது. லேக்கர்ஸ் தன் நாயகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

பாஸ்டனின் நாயகன் பால் பியர்ஸ். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட்டில், அதாவது லேக்கர்ஸ் அணியின் பழைய மைதானம் இருந்த ஊரில். சிறுவயதில் லேக்கர்ஸ் ரசிகர். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் 1998 டிராஃப்டில் பத்தாவது ஆளாக செல்டிக்ஸ் அவரை எடுத்தது. 2000 செப்டம்பரில் பாஸ்டன் இரவு விடுதி ஒன்றில் முகத்திலும் கழுத்திலும் முதுகிலும் பதினொரு கத்திக்குத்து வாங்கினார். நுரையீரலில் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்து வந்த சீசனில் 82 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடினார். பாஸ்டன்காரர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக எழுதிக்கொண்டது அப்போதுதான். செல்டிக்ஸுக்காக அவர் மொத்தம் சேர்த்த 24,021 புள்ளிகளெல்லாம் அதன்மேல் கட்டிய மாடிகள். செல்டிக்ஸ் வரலாற்றில் அவரைவிட அதிகம் சேர்த்தவர் ஜான் ஹாவ்லிசெக் மட்டும்தான்.

2007-லேயே அவரை அனுப்பிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அணி அந்த சீசனில் 58 ஆட்டங்களில் தோற்றிருந்தது. இடையில் தொடர்ச்சியாக 18 தோல்விகள். பியர்ஸுக்கு 29 வயது. நல்ல விலை கிடைக்கும்போதே கொடுத்துவிட்டு இளைஞர்களை வைத்து ஆரம்பிக்கலாம் என்றார்கள். நிர்வாகி டேனி ஐஞ்ச் நேர்மாறாகச் செய்தார். இருந்த இளைஞர்களைக் கொடுத்து கெவின் கார்னெட்டையும் ரே ஆலனையும் கொண்டுவந்தார். 2008-ல் கோப்பை வந்தது. இறுதிச்சுற்றில் வீழ்ந்தது லேக்கர்ஸ். சிறந்த ஆட்டக்காரர் விருது பியர்ஸுக்கு. 'அனுப்பு' என்று சொன்னவர்களின் வாயை அந்த ஒரு வருடம் அடைத்தது. ஆனால் வயது யாருக்கும் நிற்பதில்லை. 2013-ல் முதல் சுற்றிலேயே நியூயார்க் நிக்ஸிடம் தோற்று வெளியேறியபோது பியர்ஸுக்கு 35, கார்னெட்டுக்கு 36.

அந்தக் கோடையில் ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சி கேட்டது: கத்திக்குத்து வாங்கியும் இந்த ஊரை விட்டுப் போகாத மனிதரை இன்னொரு ஊரின் சட்டையில் பார்ப்பதா? மறு கட்சி கேட்டது: இன்னும் இரண்டு வருடம் முதல் சுற்றில் தோற்றுத் தோற்று, கடைசியில் கையில் எதுவும் இல்லாமல் நிற்பதா? இதை இதயத்துக்கும் கணக்குக்கும் நடந்த சண்டை என்று சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. இரண்டு பக்கமும் பேசியது இதயம்தான். ஒருவருக்கு அந்த மனிதர்மேல் பிரியம். இன்னொருவருக்கு அவர் போன பிறகும் இருக்கப்போகிற அணியின்மேல்.

கணக்கும் எளிதாக இல்லை. பியர்ஸின் அடுத்த வருடச் சம்பளம் 1.53 கோடி டாலர். ஜூன் மாதத்துக்குள் 50 லட்சம் டாலர் கொடுத்து அவரை விடுவித்துவிடவும் ஒப்பந்தத்தில் வழி இருந்தது. வைத்துக்கொள்ளலாம், காசு கொடுத்து அனுப்பிவிடலாம், அல்லது இன்னொரு அணிக்கு டிரேட் செய்யலாம்.

டிரேட் என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியக் கால்பந்தில் ஓர் ஆட்டக்காரரை வேறு கிளப் பணம் கொடுத்து வாங்கினாலும், அவர் புதிய கிளப்போடு சம்பளம் பேசிக் கையெழுத்துப் போட்டால்தான் காரியம் முடியும். என்.பி.ஏ.வில் ஒப்பந்தமே அப்படியே கைமாறுகிறது. ஆட்டக்காரரின் கையெழுத்து தேவையில்லை. நேற்று இரவுவரை ஓர் ஊர், இன்று காலையில் வேறு ஊர். சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணிகள் ஏறக்குறைய சம மதிப்புள்ள சம்பளங்களைத்தான் மாற்றிக்கொள்ள முடியும். அதனால் பெரிய டிரேட் எதிலும் யாரும் விரும்பிக் கேட்காத நாலைந்து பேர் சம்பளத்தைச் சரிக்கட்டுவதற்காகவே பெட்டி கட்டுவார்கள். உண்மையான விலை பெரும்பாலும் டிராஃப்ட் உரிமையில் இருக்கும். மோசமாகத் தோற்ற அணிகளுக்கே புதிய இளைஞர்களில் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே நாளைக்குத் தோற்கப்போகிற அணி எது என்று கண்டுபிடித்து, அதன் உரிமையை இன்றைக்கே வாங்கிப்போடுபவர் கெட்டிக்காரர்.

ஐஞ்ச் கண்டுபிடித்த அணி புரூக்ளின் நெட்ஸ். அதன் அதிபர், ரஷ்யக் கோடீஸ்வரர் மிகயில் புரோகோரோவ், ஐந்து வருடத்தில் கோப்பை என்று 2010-ல் அறிவித்திருந்தார். பாதி நாட்கள் ஓடிவிட்டன, அவருக்கு அவசரம். 2013 ஜூன் 27, டிராஃப்ட் இரவில் பேச்சு முடிந்தது. பியர்ஸ், கார்னெட், ஜேசன் டெரி, டி.ஜே. வைட் புரூக்ளினுக்கு. பாஸ்டனுக்கு ஜெரால்ட் வாலஸ், கிரிஸ் ஹம்ஃப்ரீஸ் உள்ளிட்ட ஐந்து பேர். கூடவே 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளும், 2017-ல் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும்.

இந்த டிரேடில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. கார்னெட்டின் ஒப்பந்தத்தில் அவர் சம்மதமின்றி அவரை டிரேட் செய்ய முடியாது என்று ஒரு ஷரத்து இருந்தது. அவர் மாட்டேன் என்றிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். பியர்ஸும் சேர்ந்து வருகிறார், கோப்பைக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்பதையெல்லாம் எடைபோட்டு அவர் சரி என்றார். பதினைந்து வருடம் அந்த ஊருக்கு ஆடிய பியர்ஸிடம் அந்த ஷரத்து இல்லை.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வருவோம். 2013 ஏப்ரல் 12, கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிரான ஆட்டம். லேக்கர்ஸின் நாயகன் கோபி பிரயண்ட் பந்தோடு முன்னேறும்போது கீழே விழுந்தார். குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. யாரோ பின்னாலிருந்து காலில் உதைத்ததுபோல் இருக்கும் என்று அந்தக் காயம் பட்டவர்கள் சொல்வார்கள். ஆனால் அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ பாக்கி இருந்தது. நொண்டிக்கொண்டே கோட்டுக்கு வந்தார். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. முதல் பந்து உள்ளே. இரண்டாவதும் உள்ளே, 109-109, ஆட்டம் சமன். அதன் பிறகு தன் காலாலேயே நடந்து அரங்கை விட்டுப் போனார்.

34 வயதில் இந்தக் காயம் பட்டவர் பழையபடி ஆடுவது அபூர்வம். லேக்கர்ஸுக்கும் அது தெரியும். இருந்தும், காயம் ஆறி அவர் ஓர் ஆட்டம்கூட ஆடாத நிலையில், நவம்பர் 25 அன்று இரண்டு வருடத்துக்கு 4.85 கோடி டாலர் கொடுத்துப் புது ஒப்பந்தம் போட்டார்கள். அணியின் சம்பள வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே ஆளுக்கு. பழைய கடனை அடைக்கிறார்கள், அணியைப் பாழாக்குகிறார்கள் என்று அவர்கள் ரசிகர்களிலேயே பலர் கொதித்தார்கள். கொதித்ததற்குக் காரணமும் இருந்தது. டிசம்பரில் திரும்பிவந்த கோபி ஆறே ஆட்டங்களில் முழங்கால் எலும்பை முறித்துக்கொண்டார். அடுத்த சீசனில் தோள். குதிகால் காயத்துக்குப் பிந்தைய மூன்று சீசன்களில் அணி முறையே 27, 21, 17 ஆட்டங்களில்தான் வென்றது. கடைசி எண் அந்த அணியின் வரலாற்றிலேயே மிகக் குறைவு.

ஆனால் அந்த மூன்றாம் சீசனின் கடைசி நாளான 2016 ஏப்ரல் 13-ஐ யாராலும் மறக்க முடியாது. உட்டா ஜாஸுக்கு எதிராக, 37 வயதில், ஐம்பது முறை பந்தை எறிந்து 60 புள்ளிகள். ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்துவிட்டுப் போனார். 2020 ஜனவரியில் ஹெலிகாப்டர் விபத்தில் கோபியும் அவர் மகளும் இறந்தபோது லாஸ் ஏஞ்சலஸ் முழுவதும் சுவர்களில் அவர் முகம் வரையப்பட்டது. அந்த 4.85 கோடி டாலர் வீண் என்று சொல்ல இன்று அந்த ஊரில் எவருக்கும் வாய் வராது என்றே நினைக்கிறேன்.

யார் செய்தது சரி?

பாஸ்டன் ரசிகர்கள் 2024-ஐக் காட்டுவார்கள். புரூக்ளின் அணி அந்த வயதான இருவரையும் வைத்து ஒரே ஒரு சுற்றை வென்றது. சம்பள வரம்பு மீறியதற்கான வரியாக மட்டும் சுமார் 9 கோடி டாலர் கட்டியது. இரண்டு வருடத்துக்குள் இருவருமே அங்கே இல்லை. அணி சரிந்தது, சரியச் சரிய பாஸ்டன் கையிலிருந்த உரிமைகளின் மதிப்பு ஏறியது. 2016-ன் உரிமையில் ஜெய்லன் பிரவுன் வந்தார். 2017-ல் கிடைத்த முதலிடத்தை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து, மூன்றாம் இடத்தோடு இன்னொரு உரிமையையும் வாங்கி ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். இந்த இருவரும்தான் 2024-ல் பதினெட்டாவது கோப்பையைக் கொண்டுவந்தார்கள்.

லேக்கர்ஸ் ரசிகர்களிடமும் பதில் இருக்கிறது. கோபியை வைத்துக்கொண்டு தோற்ற தோல்விகளில் அவர்களுக்கும் டிராஃப்டில் மேலிடங்கள் கிடைத்தன. அப்படி வந்தவர்களில் ஒருவர் பிராண்டன் இங்கிராம். அவரையும் மற்ற சிலரையும் 2019-ல் கொடுத்து ஆந்தனி டேவிஸை வாங்கினார்கள். அதற்கு முந்தைய வருடமே லெப்ரான் ஜேம்ஸ் வந்துவிட்டார். 2020-ல் கோப்பை. பாஸ்டனுக்கு நான்கு வருடம் முன்னதாகவே.

ஆக, கோப்பையை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. அனுப்பியவர்களும் வென்றார்கள், வைத்துக்கொண்டவர்களும் வென்றார்கள். 1980-களின் செல்டிக்ஸை எடுத்துக்கொண்டாலும் இதே குழப்பம்தான். லாரி பேர்டையும் கெவின் மெக்ஹேலையும் விலை இருக்கும்போதே டிரேட் செய்யுங்கள் என்று அணியின் தலைவர் ரெட் ஆவர்பாக்கிடம் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் சொன்னதாக ஐஞ்சே பின்னாளில் கூறியிருக்கிறார். அப்போது அவரும் அந்த அணியின் ஆட்டக்காரர். ஆவர்பாக் கேட்கவில்லை. பேர்டின் முதுகும் மெக்ஹேலின் பாதமும் உடைந்துபோய், அடுத்த கோப்பைக்கு 2008 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆவர்பாக்கின் பிடிவாதம்தான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். டிராஃப்டில் எடுத்த இரண்டே நாளில் லென் பயஸ் 1986-ல் இறந்ததையும், அணியின் தலைவனாக வளர்ந்த ரெஜி லூயிஸ் 1993-ல் 27 வயதில் இறந்ததையும் அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது?

நான் பார்ப்பது வேறொன்றை. 2014 ஜனவரி 26 அன்று பியர்ஸும் கார்னெட்டும் புரூக்ளின் சட்டையில் முதல்முறை பாஸ்டனுக்கு வந்தார்கள். அரங்கின் திரையில் அவர்களுடைய பழைய ஆட்டங்களைக் காட்டினார்கள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. பியர்ஸ் அழாமலிருக்கப் படாதபாடு பட்டார். ஆட்டத்தில் பாஸ்டன் 79-85 என்று தோற்றது. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஊரும் மனிதரும் உறவு முறியாமல் பிரிந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த இரவு சாட்சி.

அதே ஐஞ்ச், அதே புரூக்ளின் உரிமைகளில் கடைசியானதை வைத்து 2017 ஆகஸ்டில் செய்த இன்னொரு டிரேடைப் பாருங்கள். அப்போது பாஸ்டனுக்கு ஆடிய ஐசையா தாமஸ் வயதானவர் அல்ல, 28தான். அந்த ஏப்ரலில் பாஸ்டனின் முதல் பிளேஆஃப் ஆட்டத்துக்கு முந்தைய நாள் அவர் தங்கை கார் விபத்தில் இறந்தார். மறுநாள் ஆட வந்தார். தங்கையின் பிறந்தநாளில் 53 புள்ளிகள் எடுத்தார். இடுப்புக் காயத்தோடு, முடியாமல் போகும்வரை ஆடினார். மூன்று மாதம் கழித்து அவரையும் அந்த உரிமையையும் கொடுத்து கைரி இர்விங்கை வாங்கினார்கள். தாமஸின் மனம் உடைந்தது. அதை அவர் வெளிப்படையாகவே சொன்னார். இடுப்பு பழைய நிலைக்கு வரவே இல்லை. கணக்காகப் பார்த்தால் சாமர்த்தியமான டிரேட். ஆனால் அதை நினைத்துப் பெருமைப்படும் பாஸ்டன் ரசிகரை நான் பார்த்ததில்லை.

கோடிகளில் சம்பளம் வாங்குபவருக்கு எதற்கு இத்தனை பரிவு என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளம் ஆட்டத்துக்கு. ஆட்டத்துக்கு அப்பால் அந்த மனிதரின் பெயரை வைத்து அணி பதினைந்து வருடம் சட்டை விற்றது, டிக்கெட் விற்றது, ஊரின் அடையாளமாகவே அவரை நிறுத்தியது. விசுவாசமாக இரு என்று ரசிகனிடமும் சொன்னது. அவ்வளவும் செய்துவிட்டு, போகும்போது மட்டும் அவர் வெறும் ஒப்பந்தக் காகிதம் என்றால் அது நியாயமில்லை.

இதற்கு வழி இல்லாமலில்லை. அமெரிக்க பேஸ்பாலில் ஒரு விதி இருக்கிறது. பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் தொடர்ந்து ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதமின்றி டிரேட் செய்ய முடியாது. யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை; தானாகவே வந்துவிடும் உரிமை. என்.பி.ஏ.வில் எட்டு வருட அனுபவமும் அதே அணியில் நான்கு வருடமும் இருந்தால், இந்த ஷரத்தைப் பேரம் பேசிக் கேட்கலாம் என்பதோடு சரி. கொடுப்பதும் மறுப்பதும் அணியின் விருப்பம். கோபி, லெப்ரான் போன்ற மிகச் சிலருக்கே கிடைத்திருக்கிறது.

இப்படி ஓர் உரிமை கொடுத்தால் அணிகளின் கை கட்டப்பட்டுவிடும் என்ற பயம் வீண். கார்னெட்டிடம் அந்த உரிமை இருந்தது. இருந்தும் டிரேட் நடந்தது, பாஸ்டன் கேட்ட விலையும் கிடைத்தது. நிர்வாகி அவரிடம் போய் உட்கார்ந்து, அணி எங்கே போகிறது, அவருக்கு என்ன கிடைக்கும் என்று நேருக்கு நேர் பேசவேண்டியிருந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம். பியர்ஸுக்கும் தாமஸைப் போன்றவர்களுக்கும் அந்தப் பேச்சு நிர்வாகியின் நல்ல மனதைப் பொறுத்ததாக இருந்தது. தாமஸ் ஒரே அணியில் நெடுங்காலம் ஆடியவர் அல்ல, அவருக்கு அந்த விதியும் உதவியிருக்காது. பியர்ஸுக்கு உதவியிருக்கும்.

அனுப்பலாமா வேண்டாமா என்று ரசிகர்கள் சண்டை போடட்டும். அந்தச் சண்டை இல்லாவிட்டால் விளையாட்டில் உயிரில்லை. ஆனால் இரண்டு கட்சியும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒன்று இது. என்.பி.ஏ.வுக்கும் ஆட்டக்காரர்கள் சங்கத்துக்கும் இடையே 2023-ல் தொடங்கிய ஒப்பந்தம் 2029-30 சீசன் வரை போகும்; இரு தரப்பில் ஒருவர் விரும்பினால் ஒரு வருடம் முன்னதாகவே முடித்துக்கொள்ளலாம். அடுத்த பேச்சுவார்த்தையில், ஒரே அணிக்குப் பத்து வருடம் ஆடிய எவருக்கும் இந்த உரிமை தானாகவே வரவேண்டும் என்பதைச் சங்கம் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும்.